நடைப்பிணங்களின் நடுவே ஒரு வீடு

புதிதாகத் தோன்றும் கலை எதுவும் முதலில் வசவையே வாழ்த்தாகப் பெறுகின்றது. நாவல் பிறந்த காலத்தில், அது குடும்பப் பெண்களைக் கெடுத்துவிடும் என்றனர். நாடகம் ஆடியவனைக் கூத்தாடி என்று இழித்துரைத்தனர். பேசும் படம் வந்தபொழுது ஊரே பாழாயிற்று என்று ஓலமிட்டனர். பின்னர் நாவலைப் பாடப்புத்தகம் ஆக்கியவர்களும், நடிகருக்கு மாலை சூட்டியவர்களும் அவர்கள் பெற்ற மக்களேயன்றி வேறு யாவர்? இன்று அந்த வசவு கணினி ஆட்டங்களின்மேல் விழுகின்றது. “இரவு இரண்டு மணிக்கும் கண்விழித்துப் பிணங்களை வெட்டிக்கொண்டிருக்கின்றானே!” என்று பட்டணத்துத் தாய்மாரும் தோட்டத்துத் தாய்மாரும் ஒருங்கே வருந்துகின்றனர். அவர் வருத்தம் நியாயமே. ஆயினும், எய்தவனையும் பாராது, அம்பையும் பாராது, பட்ட இடத்தை மட்டும் பார்த்து அழுவது ஆராய்ச்சியாகாது.

நூலை ஆராயுமாறே ஆட்டத்தையும் ஆராய்தல் கூடும். நூல் சொல்லால் ஆயது. ஆட்டம் செயலால் ஆயது. “அவன் சுவர் எழுப்பினான்” என்று நூலில் படிக்கின்றோம். ஆட்டத்திலோ, சுவரை நாமே எழுப்புகின்றோம். ஆணி குறைந்தால் நாமே தவிக்கின்றோம். ஆதலால் ஆட்டத்தை மதிப்பிடப் புகுவோன் இரண்டு கேள்விகளைக் கேட்டல் வேண்டும். இது நம்மை எதைச் செய்யச் சொல்கின்றது? எதைச் செய்ய வழியில்லாமல் விட்டுவிடுகின்றது? இவ்விரண்டு உரைகற்களையும் கையிற்கொண்டு, நம் வாலிபர் பலர் ஆடும் வகையைச் சேர்ந்த ஆட்டம் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

ஆட்டத்தின் அமைப்பு

நாம் எடுத்துக்கொண்டது ‘புராஜெக்ட் ஸோம்பாய்டு’ என்பது. பிரிட்டனையும் கனடாவையும் சேர்ந்தோர் கூடி நிறுவிய ‘தி இண்டி ஸ்டோன்’ என்னும் சிறு குழுவினர் ஆக்கியது. 2011ஆம் ஆண்டில் முற்றுப்பெறாத வடிவிலேயே விற்பனைக்கு வந்தது. 2013 நவம்பரில் ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில் இடம் பெற்றது. 2021 டிசம்பரில் நிலைபெற்ற 41ஆம் வடிவமே அதனைப் பெரும்புகழுக்குக் கொண்டு சென்றது. 2024 டிசம்பரில் 42ஆம் வடிவம் சோதனைக்கென வெளிவந்தது. மாடு, கோழி, செம்மறி வளர்ப்பதும், மட்பாண்டம் வனைவதும், உலைக்களத்தில் இரும்பு அடிப்பதும் அதிலே சேர்ந்தன. ஒரே ஆட்டத்தைப் பத்தாண்டுகட்கு மேலாகச் செதுக்கிக்கொண்டே இருந்தனர் என்பதிலிருந்து, இது அவசரத்திற் சமைத்த பண்டமன்று என்பது புலனாகும்.

கதை நிகழும் இடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கென்டக்கி மாநிலம். காலம் 1993 ஜூலை. மல்ட்ரா, வெஸ்ட் பாயிண்ட், லூயிவில் என்று அம்மாநிலத்தில் மெய்யாகவே உள்ள ஊர்களின் பெயர்கள் அதிலே வருகின்றன. பெருநோய் ஒன்று பரவுகின்றது. மாண்டவர் எழுந்து நடமாடுகின்றனர். அவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘ஸோம்பி’ என்று பெயர். நம் மொழியில் ‘நடைப்பிணம்’ எனலாம். அவற்றால் கடியுண்டவன் மாள்வான். மாண்டபின் அவனும் எழுவான். பிழைத்திருப்பவன் ஆட்டக்காரன் ஒருவனே. அவன் உணவு தேட வேண்டும், நீர் தேட வேண்டும், உறங்க ஓரிடம் தேடி அதனை அரண் செய்துகொள்ள வேண்டும்.

ஆட்டம் தொடங்கும்போதே, பிழைக்க வழியில்லை என்றும், இனி வரப்போவது நீ இறந்த கதையே என்றும் திரையில் அறிவிக்கின்றனர். வெற்றி என்பதே இதில் இல்லை. எத்தனை நாள் தாக்குப்பிடித்தான் என்னும் கணக்கு ஒன்றே உண்டு. சாவு உறுதி என்று சொல்லிவிட்டு, உடனே சுத்தியலைத் தேடச் சொல்கின்றது இவ்வாட்டம். இதன் சுவையெல்லாம் இந்த முரணிலேதான் அடங்கியிருக்கின்றது. மனித வாழ்வும் இத்தகையதன்றோ?

தொழிலே செல்வம்

ஆட்டத்திற் புகுமுன் ஆட்டக்காரன் ஓர் ஆளைத் தெரிந்தெடுக்கின்றான். அந்த ஆள் இன்ன குலத்திற் பிறந்தான், இத்தனை சொத்துடையான் என்று ஆட்டம் கேட்பதில்லை. உன் தொழில் யாது என்று கேட்கின்றது. தச்சன், உழவன், மீன்பிடிப்பவன், செவிலி, மின்தொழிலாளி, சமையற்காரன், தீயணைப்போன் என்று பட்டியல் விரிகின்றது. தொழிலுக்கேற்ற திறமை அவனுக்கு முதலிலேயே வாய்க்கின்றது. கடைகளின் பணப்பெட்டியில் டாலர் தாள்கள் கிடக்கலாம். அவற்றால் ஒரு பிடி அரிசியும் வாங்க இயலாது, விற்பவன் இல்லாமையால். ஆனால், ஒரு பெட்டி ஆணி கிடைத்தால் ஆட்டக்காரன் புதையல் கண்டவன்போல் மகிழ்கின்றான்.

வீடு அமைக்கும் முறையைச் சற்று விரித்துச் சொல்வோம். முதலிற் சன்னலுக்குத் துணி தொங்கவிட வேண்டும். இல்லையேல் உள்ளே நடமாடும் மனிதனை வெளியில் திரியும் பிணம் கண்டுகொள்ளும். பின்னர் மேசை, நாற்காலி, அலமாரி இவற்றை வாளால் அறுத்துப் பலகையாக்க வேண்டும். ஒரு சன்னலின் ஒரு பக்கத்தில் 4 பலகைகள்வரை அறையலாம். பலகை அறையும் ஓசையோ வெளியே கேட்கும். காக்கும் செயலே ஆபத்தையும் அழைக்கின்றது. கீழ்த்தளத்தைக் காக்க முடியாதென்று கண்டால், சம்மட்டியால் மாடிப்படியை உடைத்துவிட்டு, படுக்கை விரிப்புகளை முடிந்து கயிறாக்கி, மேற்சன்னல் வழியே ஏறி இறங்குவோரும் உண்டு.

வழக்கமான அமைப்பில், முதல் 1 மாதத்திற்குள் ஒருநாள் மின்சாரம் நின்றுபோகின்றது; குழாய்நீரும் அவ்வாறே நிற்கின்றது. அன்றுதான் ஆட்டக்காரன் திடுக்கிடுகின்றான். குளிர்ப்பெட்டியில் இருந்த இறைச்சி அழுகுகின்றது. மழைநீரைப் பிடிக்கப் பீப்பாய் செய்ய வேண்டும். பிடித்த நீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். தோட்டம் போட்டு முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பயிரிட வேண்டும். விசையைத் தட்டினால் விளக்கு, குழாயைத் திருகினால் நீர் என்று வாழ்ந்த நகரவாசிக்கு, அவற்றின் பின்னே எத்தனை பேருடைய கைகள் இருந்தன என்பது, அக்கைகள் ஓய்ந்த பின்னரே தெரிகின்றது. தொழிலாளியின் பெருமையைப் பற்றி நாம் மேடைகளில் மணிக்கணக்காகப் பேசுகின்றோம். இவ்வாட்டம் ஒரு சொல்லும் பேசாமல், அத்தொழிலாளியை உலகத்திலிருந்து நீக்கிக்காட்டி, அவனுடைய அருமையை உணர்த்துகின்றது. இது சாமானியமான கலைத்திறம் அன்று.

எழுத்தறிவின் விலை

இதனினும் நம் உள்ளத்தைக் கவர்ந்த அமைப்பு மற்றொன்றுண்டு. ஆட்டத்தின் தொடக்கத்தில், ஆளுக்குச் சில நற்குணங்களையும் சில குறைகளையும் சேர்க்கலாம். நற்குணம் வேண்டுமாயின் மதிப்பெண் கொடுத்துப் பெற வேண்டும். குறையை ஏற்றுக்கொண்டாலோ மதிப்பெண் வரவாகும். அக்குறைகளுள் ஒன்று எழுத்தறியாமை. அதனை ஏற்றவன் உடல் வலிவையோ கண்பார்வைக் கூர்மையையோ கூடுதலாகப் பெறலாம். ஆனால் புத்தகம் அவனுக்கு வெறும் காகிதக்கட்டு.

மின்னாக்கி யந்திரத்தை இயக்க வேண்டுமா? மின்தொழில் பயின்றவனாயிருக்க வேண்டும். இல்லையேல் அதனை விளக்கும் பத்திரிகை ஒன்றைத் தேடிப்பிடித்துப் படித்திருக்க வேண்டும். தச்சு வேலையிலும் சமையலிலும் உழவிலும் விரைந்து தேர்ச்சி பெற உதவுவனவும் புத்தகங்களே. எனவே, நூலகமும் புத்தகக் கடையும் ஆயுதக் கடைக்கு நிகரான மதிப்பைப் பெறுகின்றன. தொலைக்காட்சி நிலையம் இயங்கும் முதல் நாட்களில் தச்சு, சமையல் முதலியவற்றைக் கற்பிக்கும் நிகழ்ச்சிகளும் வருகின்றன. அனுபவமுள்ள ஆட்டக்காரர், வெளியே உலகம் அழிந்துகொண்டிருக்க, உள்ளே அமர்ந்து பாடம் கேட்கின்றனர்!

படித்தும் பாதி அறிந்தவனுக்கு நேரும் கேட்டையும் ஆட்டம் மறக்கவில்லை. அந்த மின்னாக்கியை வீட்டுக்குள்ளேயே வைத்து ஓட்டினால், அது கக்கும் நச்சுப்புகையால் உள்ளிருப்பவன் மாள்கின்றான். அடுப்பில் வைத்ததை மறந்து உறங்கினால் வீடே எரிகின்றது. பிணத்தாற் செத்தவனைவிட அறியாமையாற் செத்தவன் இங்கே குறைவல்லன். எழுத்தறியாமை என்னும் பொறியில் நம் சமூகம் எத்தனை தலைமுறை அகப்பட்டுக் கிடந்தது! கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அறியாமலே கப்பலேறியவர் வழிவந்தோர் இதனை ஆடுங்கால், அந்த ஒரு குறையின் விலையைச் சற்று நின்று நோக்குதல் நலம்.

அச்சம் பிறக்கும் வழி

பயங்கரக் கதை எழுதுவோர் பலர், பேயைப் பெரிதாக்கினால் அச்சம் பெரிதாகும் என்று எண்ணுகின்றனர். இவ்வாட்டத்தார் அதன் மறுதலையை அறிந்தவர். இங்குள்ள நடைப்பிணம் மெலிந்தது, மெல்ல நடப்பது. ஒன்று வந்தால் எளிதில் தள்ளிவிடலாம். பத்து வந்தால் ஓடலாம். ஆனால் அது களைப்பதில்லை, உறங்குவதில்லை. நமக்கோ களைப்பும் உறக்கமும் பசியும் உண்டு. இந்த வேற்றுமையிலிருந்தே அச்சம் பிறக்கின்றது.

காட்சி மேலிருந்து பார்ப்பதுபோல் அமைந்திருப்பினும், ஆள் நோக்கும் திசையில் உள்ளவையே நன்கு தெரியும். முதுகுப்புறம் வருவன தெரியா. கதவுக்கு அப்பால் என்ன இருக்கின்றது என்பதும் திறக்குமுன் தெரியாது. ஆகவே, கேட்டலே பார்த்தலினும் முதன்மை பெறுகின்றது. துப்பாக்கி கையில் இருந்தாலும் சுட அஞ்ச வேண்டியிருக்கின்றது. ஒன்றைக் கொல்லும் வெடியோசை நூற்றை அழைக்குமாதலால். தொடக்கத்துச் சில நாட்கள் கழிந்தபின், தலைக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று வட்டமிடுகின்றது. மீட்க வந்தார்கள் என்று புதியவன் மகிழ்கின்றான். அதுவோ எவரையும் மீட்பதில்லை. அதன் இரைச்சல் கேட்டு ஊரிலுள்ள நடைப்பிணங்களெல்லாம் அவனிருக்கும் இடம் நோக்கி வருவதே கண்ட பலன். மேலிருந்து வரும் உதவி என்று நம்பிக் கெட்டவர் வரலாறு உலகில் ஏராளம். அதனை ஓர் இரைச்சலைக் கொண்டே ஆட்டம் சொல்லிவிடுகின்றது.

நடைப்பிணத்தின் பூர்வோத்தரம்

இதுகாறும் ஆட்டத்தின் சிறப்பைக் கூறினோம். இனி, அது எவரைப் பார்த்து நம்மை அஞ்சச் செய்கின்றது என்பதை ஆராய்வோம். இதற்கு ஸோம்பி என்னும் கற்பனை பிறந்த இடத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

கரீபியக் கடலில் இன்று ஹைட்டி எனப்படும் நாடு, 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரின் செயின்ட் டொமிங்கு என்னும் குடியேற்ற நாடாயிருந்தது. உலகிற்கே சர்க்கரை அளித்த கரும்புத் தோட்டங்கள் அங்கே இருந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட இலட்சக்கணக்கான அடிமைகள் அத்தோட்டங்களில் உழைத்து மடிந்தனர். செத்தால் ஆன்மா ஆப்பிரிக்கத் தாயகம் திரும்பும் என்பது அவர்களிடையே வழங்கிய நம்பிக்கை. ஆகவே, அவர்கள் அஞ்சியது சாவுக்கன்று. செத்தபின்னும் விடுதலை இல்லாமற் போவதற்கே. மந்திரவாதி ஒருவன் பிணத்தை எழுப்பி, அறிவும் விருப்பமும் அற்ற அந்த உடலை ஓயாமல் வேலை வாங்குவான் என்னும் அச்சமே ஸோம்பி. 1791இல் அவ்வடிமைகள் கிளர்ந்தெழுந்தனர்; 1804இல் ஹைட்டி சுதந்தர நாடாயிற்று. எனினும் அந்த அச்சம் கதையாக நிலைத்தது.

1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை அந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. அக்காலத்தில், 1929இல், வில்லியம் சீப்ரூக் என்னும் அமெரிக்கர் ஹைட்டியைப் பற்றி எழுதிய புத்தகத்தால் ஸோம்பி என்னும் சொல் அமெரிக்கர் பலருக்கு அறிமுகமாயிற்று. 1932இல் ‘ஒயிட் ஸோம்பி’ என்னும் படம் வந்தது; அதிலும் நடைப்பிணங்கள் சர்க்கரை ஆலையில் உழைப்பனவாகவே காட்டப்பட்டன. பின்னர் 1968இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த படத்தில் எல்லாம் தலைகீழாயிற்று. ஏவும் எசமானன் மறைந்தான், தோட்டமும் மறைந்தது. மனிதரைத் தின்னும் கூட்டம் மட்டும் எஞ்சியது. அக்கூட்டத்திற்கு அஞ்சி ஒரு பண்ணை வீட்டில் புகுந்து, சன்னல்களுக்குப் பலகை அறையும் சிலரே கதைமாந்தர். இவ்வாட்டக்காரர் அறையும் பலகைகளெல்லாம் அந்த வீட்டிலிருந்து வந்தவை எனலாம்.

வாசகர்களே, இந்த மாற்றத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். ஸோம்பி முதலில் தொழிலாளியின் அச்சம். எசமானனுக்காக என்றென்றும் உழைக்கும் உடலாகிவிடுவோமோ என்னும் நடுக்கம். பின்னர் அதுவே உடைமையாளனின் அச்சமாயிற்று. வெளியே திரளும் கூட்டம் என் கதவை உடைத்துவிடுமோ என்னும் நடுக்கம். கதையில் அஞ்சுபவனும் அஞ்சப்படுபவனும் இடம் மாறிவிட்டனர்!

தோட்டத்தில் வாழ்ந்த மக்களின் வழிவந்த நமக்கு இது வெறும் சரித்திர விநோதமன்று. அடிமையும் கூலியும் ஒன்றல்லர். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தவும் பட்டது. ஆயினும், விடியுமுன் பெரட்டுக்கு நின்று, கித்தா மரத்தைச் சுற்றி, லயத்திற்குத் திரும்பி, மறுநாளும் அதற்கே எழுந்த வாழ்க்கையைப் பற்றி நம் பாட்டன்மார் சொன்ன சொல் ‘நடைப்பிணமாய் வாழ்ந்தோம்’ என்பதே. ஹைட்டியின் சொல் நம்மை வந்தடையுமுன்னரே, அதன் பொருள் நம் வீட்டில் இருந்தது. எனவே, ‘வெளியே நிற்கும் கூட்டத்தை வெட்டு’ என்று ஓர் ஆட்டம் கட்டளையிடுமானால், அக்கூட்டத்தில் நிற்பவர் யார் என்று கேட்கும் உரிமை நமக்கு மற்றவரினும் மிகுதி.

குறைகள்

இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்குங்கால், ஆட்டத்தின் குறைகள் தெரிகின்றன.

முதற்குறை யாதெனில், தனியே ஆடுவோனுக்குப் பேச்சுத்துணையாக உயிருள்ள மனிதர் எவரும் இதில் இல்லாமை. 41ஆம் வடிவிலும் இல்லை. சோதனைக்கு வந்த 42ஆம் வடிவிலும் இல்லை. இருப்பவன் நான், எதிரில் வருவதெல்லாம் பகை. அயலான் வீடு என்றால் அது கொள்ளைக்குரிய சரக்கறை. உணவைப் பங்கிட வழியில்லை. ஒருவனைக் காப்பாற்ற வழியில்லை. நம்பி மோசம் போகவும் வழியில்லை. பேரிடர்க்காலத்தில் மனிதர் ஒருவருக்கொருவர் உதவுவதே இயல்பென்பதை வெள்ளம் கண்ட எந்த ஊரும் சொல்லும். அந்த இயல்பிற்கு இங்கே செயல் வடிவமில்லை.

இரண்டாவது, இறந்தவர் பண்டமாகிவிடுதல். நடைப்பிணங்கள் தம் தொழிலுடையுடனேயே திரிகின்றன. காவலன் சீருடை, உணவுச்சாலைப் பணிப்பெண்ணின் உடை, கட்டட வேலைக்காரனின் உடை இவை நன்கு தெரிகின்றன. நேற்றுவரை விளக்கெரியச் செய்தவரும் சோறு பரிமாறியவரும் இவரே. ஆயினும், அவர் சட்டைப்பையில் என்ன இருக்கின்றது என்று தேடுவதோடு ஆட்டக்காரனுக்கும் அவர்க்கும் உள்ள உறவு முடிகின்றது. மண்வெட்டி கிடைத்தால் குழி தோண்டிப் புதைக்கலாம். அதற்கும் காரணம் மரியாதை அன்று. பிணங்கள் குவிந்து கிடக்குமிடத்தில் தங்குவோன் நோயுறுவான் என்பதே காரணம். தொழிலாளியின் அருமையை அத்துணை நுட்பமாய்க் காட்டிய ஆட்டம், அத்தொழிலாளியையே பெயரற்ற கும்பலாக்கி வெட்டச் சொல்வது பெரும் முரண்பாடு.

மூன்றாவதாகப் பலர் சொல்லும் குறை ஒன்றுண்டு. அரண் முற்றுப்பெற்று, தோட்டம் விளைந்து, சரக்கறை நிரம்பியதும், ஆட்டம் சலிப்புத் தட்டுகின்றது என்பர். நாம் இதனைக் குறையென்று கொள்ளோம். ஆட்டத்திலுள்ள ஆளுக்கே சலிப்பு என்னும் அளவுகோல் உண்டு. வேலையின்றி வீட்டுக்குள் அடைந்து கிடந்தால் அது ஏறும். ஏறிய சலிப்பு துயரமாக முதிரும். ஒருவரையும் உள்ளே விடாத சுவர் முழு வெற்றி பெறும் நாளில், உள்ளே இருப்பவன் சிறைப்பட்டவன் ஆகின்றான். அங்கே எஞ்சுவது எழுவதும் உண்பதும் உறங்குவதுமான நாட்களே. சுவருக்கு வெளியே திரிபவற்றுக்கும் உள்ளே இருப்பவனுக்கும் அந்நிலையில் வேற்றுமை என்ன? ஆக்கியோர் எண்ணினரோ எண்ணவில்லையோ, ஆட்டம் உரைக்கும் உண்மைகளுள் இது தலையாயது.

செத்தவன் திரும்பி வருதல்

மேற்சொன்ன குறைகளையெல்லாம் ஓரளவு ஈடுசெய்யும் கட்டம் ஒன்று இவ்வாட்டத்தில் உண்டு. அது ஆள் இறந்தபின் வருகின்றது.

எவ்வளவு கவனமாயிருந்தாலும் ஒருநாள் கடி விழும். வழக்கமான விதிப்படி கடிக்கு மருந்தில்லை. காய்ச்சல் ஏறி, ஆள் மாள்கின்றான். மாண்டு எழுந்து நடக்கின்றான். ஆட்டக்காரன் விரும்பினால் அதே உலகில் புதியதோர் ஆளாய்ப் பிறக்கலாம். அவ்வாறு பிறந்தவன் பழைய வீட்டைத் தேடிச் செல்கின்றான். முன்னவன் அறைந்த பலகைகள் சன்னலில் இருக்கின்றன. பீப்பாயில் மழைநீர் நிற்கின்றது. அலமாரியில் புத்தகங்கள் அடுக்கியபடி இருக்கின்றன. வாசலில், தான் தெரிந்தெடுத்த அதே சட்டையோடும் முதுகுப்பையோடும், பழைய ஆள் நடைப்பிணமாய் நிற்கின்றான்.

அதுவரை நூற்றுக்கணக்கானவற்றை மனங்கலங்காது வெட்டியவன் கை அங்கே தயங்குகின்றது. இதற்குப் பெயர் உண்டு; இதன் பசியும் காய்ச்சலும் தான் அறிந்தவை; இந்த வீட்டைக் கட்டியது இதுவே. கும்பலில் ஒன்றுக்குக் கதை உண்டென்றால், மற்றவற்றுக்கும் உண்டன்றோ? அந்தக் காவலனும் அந்தப் பணிப்பெண்ணும் யாரோ ஒருவரின் ‘நான்’ அன்றோ? அஞ்சப்படுபவனுடைய முகத்தில் அஞ்சுபவன் தன் முகத்தையே காணும் இக்காட்சி, பெரும் நாடகாசிரியரும் விரும்பத்தக்கது. ரொமேரோவின் படத்திலும், இரவெல்லாம் போராடி உயிர்தப்பிய கறுப்பின வீரனை, காலையில் வந்த துப்பாக்கிக் கூட்டத்தார் நடைப்பிணமென்றெண்ணிச் சுட்டுவிடுகின்றனர். ‘அது மனிதனன்று’ என்று முடிவு கட்டுவது எவ்வளவு எளிது என்பதை அப்படமும் இவ்வாட்டமும் வெவ்வேறு வழியில் காட்டுகின்றன.

வீடும் அப்போது வேறு பொருள் பெறுகின்றது. முன்னவன் தனக்கென்று எழுப்பிய சுவர் அவனைக் காக்கவில்லை, பின்வந்தவனைக் காக்கின்றது. அவன் சேர்த்த புத்தகத்தை இவன் படிக்கின்றான். அவன் வைத்த பயிரை இவன் அறுக்கின்றான். சாவு உறுதியாயினும் கட்டுவது வீணன்று என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

2021 டிசம்பரில் வந்த 41ஆம் வடிவம் பலர் கூடி ஆடவும் வழி செய்தது. அங்கே முதற்குறை பெரும்பாலும் நீங்குகின்றது. ஒருவர் தச்சராகவும், ஒருவர் உழவராகவும், ஒருவர் மருத்துவம் அறிந்தவராகவும் அமைந்து ஒரே வீட்டைக் காக்கின்றனர். ஒருவர் உறங்க, மற்றவர் விழித்திருக்கின்றார். மனிதனை மனிதன் கொன்று பொருளைப் பறிப்பதற்கும் அங்கே இடமுண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், பகையா நட்பா என்று தேர்ந்துகொள்ளும் பொறுப்பாவது அங்கே மனிதன் கைக்கு வருகின்றது. தனி ஆட்டத்தில் அந்தப் பொறுப்பே இல்லை.

உப்பு

ஹைட்டி மக்களின் பழங்கதையில் ஸோம்பிக்கு மாற்று மருந்து ஒன்று சொல்லப்படுகின்றது. அது உப்பு. எசமானன் அவற்றுக்கு உப்பில்லாத உணவையே கொடுப்பானாம். தவறி உப்பு நாவிற் பட்டுவிட்டால் அறிவு திரும்பும். தான் யார் என்பது நினைவு வரும். ஏவலை உதறிவிட்டு, தன் புதைகுழியை நாடித் தானே நடந்துவிடும் என்பர். நம் மக்களும், ரோஷமற்றவனைப் பார்த்து, “நீ உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகின்றாயா?” என்று கேட்கின்றனர். கடல்களால் பிரிந்த இரு தோட்டத்து மக்கள் சுயமரியாதைக்கு ஒரே பொருளை அடையாளமாகக் கொண்டது நினைந்து நினைந்து வியக்கத்தக்கது.

இந்த உப்பு ஆட்டத்தில் இல்லை. அங்கே நடைப்பிணத்தை எழுப்ப ஒரு வழியும் இல்லை. வீழ்த்தவே வழி உண்டு. ஆகவே, அந்த உப்பை ஆடுபவனே கொண்டு வருதல் வேண்டும். தான் செய்வதைச் சிந்தித்துச் செய்யும் ஆட்டக்காரனுக்கு, இதிலே தொழிலின் மதிப்பும் எழுத்தின் மதிப்பும் மனிதத் துணையின் மதிப்பும் கிடைக்கும். சிந்தியாமல், வெட்டுவதும் திரட்டுவதுமாய் இரவைக் கழித்து, காலையில் கண்சிவந்து பள்ளிக்கும் வேலைக்கும் தள்ளாடிச் செல்பவனைப் பார்த்து, திரைக்கு உள்ளே நடப்பது நடைப்பிணமா, வெளியே நடப்பதா என்று ஊரார் ஐயுறுவரேல், அவர்மேற் குற்றமில்லை.

எமது முடிவு இது. ‘புராஜெக்ட் ஸோம்பாய்டு’ கலைப்படைப்பென்று கொள்ளத்தக்கது; அதிலும் உழைப்பை அறிந்தோர் ஆக்கிய கலைப்படைப்பு. சுவர் எழுப்பும் கையை அது போற்றுகின்றது. அதன் பெருமை அது. சுவருக்கு வெளியே நிற்பவன் யார் என்று, ஆடுபவன் தானே ஒருமுறை செத்துப் பிறக்கும்வரை கேட்பதில்லை. அதன் சிறுமை அது.

பெற்றோர்க்கு ஒன்று சொல்வோம். பையனின் கணினியை நிறுத்துமுன், “எத்தனை பிணம் வெட்டினாய்?” என்று சினந்து கேளாமல், “என்ன கட்டினாய், யாரோடு சேர்ந்து கட்டினாய், உனக்குப் பின் வருபவனுக்கு எதை விட்டு வைத்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்லத் தெரிந்தவன் பொழுதை முற்றும் வீணாக்கியவன் அல்லன். தெரியாதவனும், அந்தக் கேள்வி காதில் விழுந்தபின், மறுநாள் வேறு விதமாக ஆடுவான்.